மருந்து கொறச்சல்

இந்த வாரம் எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இதில் பேய் கிடையாது, அடிதடி கிடையாது, போலீஸ் துரத்தவில்லை. ஒருவனுக்குத் தொண்டையில் என்னவோ மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வலிகூட இல்லை. வலி இருந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கலாம்.

அம்மாவும், "அதையெல்லாம் எழுதாதடா, போனது போச்சு" என்றார். அம்மா வேண்டாம் என்றதைச் செய்துதான் எனக்குப் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், மழை விட்ட ஒரு சாயங்காலம். பிலோமி அத்தையின் சாப்பாட்டுக் கடையில் நீலக் கேன்வாஸ் கூரை தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டுத் தொங்குகிறது. அத்தையின் மகன் சவரி, என் கூட்டாளி, துடைப்பக் கட்டையால் அதைக் கீழிருந்து குத்துகிறான். தண்ணீர் சளாரென்று ரோட்டில் விழுகிறது. மேசையெல்லாம் ஆட்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள். ஈர மண் வாசனையும் மீன் குழம்பு வாசனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

அப்போது என் அம்மா வந்து நிற்கிறார். கையில் மஞ்சள் துணியில் கட்டிய சின்ன முடிச்சு. அவருக்குப் பின்னால், கடைக்கு வராத பிள்ளையை இழுத்து வந்த மாதிரி, நான்.

அம்மா முடிச்சை அவிழ்த்து, அத்தை சோறு போடும் மேசைமேல் வைத்தார். கோலிக்குண்டு அளவில், முடி சுற்றிய ஒரு கறுப்பு உருண்டை.

"இது எம்மவன் வயித்துலேருந்து எடுத்தது. யாரு போட்டதுன்னு நீயே சொல்லு பிலோமி."

அந்த உருண்டை எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. பஸ் கொஞ்சம் கோஸ்தான் அடித்துப் பின்னால் போகிறது. பின்னால் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

செருமல்

அப்போது நான் தம்பினுக்கும் மலாக்காவுக்கும் ஓடிய ஒரு பஸ்ஸில் கண்டக்டர். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை எது? நாள் முழுக்கக் கத்தலாம், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரையும் கிண்டல் பண்ணலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள். "அலோர் காஜா, செங், மலாக்கா" என்று வாசலில் தொங்கிக்கொண்டு நான் ஒரு சத்தம் போட்டால், குளித்துக்கொண்டிருப்பவன்கூடத் துண்டோடு ஓடி வருவான். ஊரில் எனக்கு ஸ்பீக்கர் என்று பெயர்.

ஒரு நாள் காலையில் "அலோர்" வந்தது. "காஜா" வரவில்லை.

தொண்டையில் ஏதோ நின்றது. சோற்றுப் பருக்கை மாதிரி. விழுங்கினால் போகாது, காறினால் வராது. செருமினேன், கொஞ்சம் வழி விட்டது. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது, டிக்கெட் எடுக்காமலே.

அன்றிலிருந்து செருமல்தான். காலையில் எழுந்தால் வாயெல்லாம் கசப்பு. மத்தியானத்துக்கு மேல் குரல் எண்ணெய் போடாத கதவாகிவிடும். படுத்தால் வறட்டு இருமல். ஆனால் நெஞ்செரிச்சல் என்று ஒன்று எனக்கு வந்ததே இல்லை. புளித்த ஏப்பம்கூட இல்லை. அதனால் வயிற்றின்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. திருடன் மாடி வீட்டில் ஏறித் திருடிவிட்டு, கீழ் வீட்டில் நல்ல பிள்ளையாகப் போர்த்திப் படுத்திருந்தான்.

வியாதியைவிடப் பெரிய தொல்லை, அதை யாரும் வியாதியாக எடுத்துக்கொள்ளாததுதான். என் செருமலுக்கு ஏற்கெனவே ஊரில் ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வகுப்புக்குள் வருமுன் செருமி மற்றவர்களை உஷார்ப்படுத்துகிற வேலை என்னுடையது. பெரியவனான பிறகு, ரோட்டில் யாராவது புதுச் சட்டை போட்டுப் போனால் ஒரு செருமல். கல்யாணமாகிப் புதிதாக மனைவியோடு போனால் இரண்டு.

தலைக்கு அன்றைக்குத்தான் மை அடித்திருந்த ஒருவர் பஸ்ஸில் ஏறினார். அவர் பக்கத்தில் நின்று டிக்கெட் கிழிக்கும்போது செருமல் வந்துவிட்டது.

"என்னாடா, என் தலையப் பாத்தா ஒனக்கு நக்கலா இருக்கா?"

"இல்ல அங்கிள், தொண்டை."

"ஒங்கப்பன் வயசுடா எனக்கு. தொண்டையாம் தொண்டை."

பேசாமல் போய்விடத்தான் திரும்பினேன். தொண்டை விடவில்லை. இன்னொரு முறை செருமினேன். மனிதர் பெல்லை அடித்து, தன் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். வெளியே மழை. அந்த மை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆளுக்கொரு கரண்டி

கிளினிக் டாக்டர் சளி என்றார். சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். கேட்கவில்லை என்றதும் மஞ்சள் மாத்திரை கொடுத்தார். சீனர் மருந்துக் கடை முதலாளி, தௌக்கே, என் நாக்கைப் பார்த்து, "பாடான் பானாஸ்லா" என்று உடம்புச் சூட்டைக் குற்றம் சொல்லி, கறுப்பாக ஒரு கசப்புத் தண்ணீர் ஊற்றினார். குடித்த வேகத்தில் என் முன்னோர்களெல்லாம் கண்முன் வந்து போனார்கள். எங்கள் டிரைவர் மாட் அண்ணன், பாக்கெட் நிறைய புதினா மிட்டாய் வாங்கித் திணித்துவிட்டார்.

அம்மா விடிகாலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பார். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் மிளகு ரசம். கண்ணில் தண்ணீர் வந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தமாம்.

எலுமிச்சை, புதினா, மிளகு எல்லாமே எரிகிற தீயில் எண்ணெய் என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்? என்மேல் அன்பு உள்ளவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார்கள். நானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அத்தை என்று கூப்பிட்டது

பிலோமி அத்தையை ஊரே ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். நான் மட்டும் அத்தை. ஏனென்றால் அத்தைக்கு ஸ்டெல்லா என்று ஒரு மகள் இருந்தாள்.

அத்தையின் வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த அடுப்புதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. அத்தை சமைப்பார், ஸ்டெல்லா பரிமாறுவாள், சவரி வேலை விட்டு வந்து மேசை துடைப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கடை கிடையாது. மூன்று பேரும் மாதா கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

காலையிலிருந்து பால் சேராத கோப்பி-ஓவையும் சிகரெட்டையும் மட்டும் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டு, கடைசி டிரிப் முடிந்ததும் நேரே அங்கேதான் போவேன்.

"அத்தை, இன்னைக்கு மீனு எப்படி?"

அத்தைக்கு முன்னால் ஸ்டெல்லா பதில் சொல்வாள். "செத்துப் போச்சு. சாப்புடுறியா, சும்மா பாத்துட்டுப் போறியா?"

"ஒங்க கோயில்ல சொல்லி ஒரு பூசை வைக்கலாம்ல?"

"மொதல்ல ஒனக்கு வைக்கணும். ஒக்காரு."

"டேய் ஸ்பீக்கர்," என்பான் சவரி, மேசையைத் துடைத்துக்கொண்டே. "திங்கிறப்பவாவது வாய மூடுலா. முள்ளு மாட்டப் போவுது."

புளியும் மிளகாயும் போட்டிபோடும் குழம்பு. அதன் பக்கத்தில் சம்பல். இரண்டு தட்டுச் சோறு, மேலே ஒரு கோப்பி-ஓ. வீட்டுக்குப் போனதும் பாயில் விழுந்துவிடுவேன். வயிறு நிறைந்தவன் படுப்பதில் என்ன தப்பு என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஸ்டெல்லாவும் நானும் எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்ததில்லை, படத்துக்குப் போனதில்லை. ஒன்றே ஒன்றுதான். என் தட்டில் சோற்றுக்கு அடியில் கூடுதலாக ஒரு துண்டு மீன் ஒளிந்திருக்கும். மேலே வைத்தால் சவரி பார்த்துவிடுவான்.

அதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், வீட்டில் ஒரு நாள் பெருமையடித்தேன். அம்மா கேட்டுக்கொண்டார்.

புக்கிட் காத்தில் வீட்டில்

என் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. விழுங்கப் பயந்து சோற்றைக் குறைத்திருந்தேன். அம்மா என் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரியெல்லாம் நான் இருமுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்து என்னை வளர்த்தவர் அவர். நான் ஒரே பிள்ளை.

"மேலயும் வரல, கீழயும் போவல. அது சளி இல்லடா. மருந்து."

இடுமருந்து. சோற்றில் கலந்து கொடுத்து ஆளைத் தன்பக்கம் மயக்குவது. நம் ஆட்களிடம் அதைச் சொன்னால் போதும், மற்ற வியாதியெல்லாம் வரிசையில் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

"சோத்துக்கு அடியில ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறான்னு நீதான சொன்ன? வேதக்கார வீட்டுப் பொண்ணு, ஒன்னைய அந்தப் பக்கம் இழுக்கப் பாக்குறா."

"அம்மா, அவ இழுக்கணும்னா மருந்து எதுக்கு? சிரிச்சா போதாதா?"

அது நான் சொல்லியிருக்கவே கூடாத பதில். அந்த வாரமே என்னைப் புக்கிட் காத்திலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மருந்து எடுப்பவர் வீடு என்றால் மண்டை ஓடும் வேப்பிலையும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். வரிசை வீடுதான். பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, டிவியில் மல்யுத்தம். கைலியும் சிங்லெட் பனியனும் போட்ட ஒருவர், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே என் உள்ளங்கையில் பச்சிலைச் சாற்றைத் தடவினார். அது காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியது.

"கட்டி நிக்கிது பாத்தீங்களாம்மா. இருக்கு."

என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு சின்னக் குழாயை வைத்து உறிஞ்சினார். தட்டில் துப்பினார். அந்தக் கறுப்பு உருண்டை வந்து விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து டிவியில் ஒருவன் இன்னொருவனைத் தலைக்குமேல் தூக்கியிருந்தான்.

"பொம்பள கை," என்றார்.

"சாப்பாட்டுக் கடையா ஐயா?" என்றார் அம்மா.

"கடைதான்."

"ரயிலு பக்கமா?"

"ஆமாமா. ரயில் சத்தம் கேக்குது."

"எத்தனை மணி ரயிலுன்னு கேளும்மா," என்றேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

பிறகு பத்தியம் சொன்னார். புளி ஆகாது, மிளகாய் ஆகாது, மீன் ஆகாது. கோப்பி, சிகரெட் தொடக் கூடாது. விளக்கு வைக்குமுன் கஞ்சி குடித்து முடித்துவிட வேண்டும். வெளிச் சாப்பாடு அறவே கூடாது.

அம்மா அதை மந்திரம் மாதிரி காப்பாற்றினார். டிபன் கேரியரில் கஞ்சி வரும். கடைசி டிரிப்புக்கு முன்னால் பஸ்ஸிலேயே உட்கார்ந்து குடிப்பேன். மாட் அண்ணன் பார்த்துவிட்டு, பிரசவப் பத்தியமா, குழந்தை பிறந்திருக்கிறதா என்று கேட்டார்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் காலையில் வாசலில் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்தேன். "அலோர் காஜா" முழுசாக, ஒரே மூச்சில் வந்தது. மாட் அண்ணன் சந்தோஷத்தில் ஹாரனை அழுத்தினார். செருமலும் இல்லை, பருக்கையும் இல்லை.

குணமாகாமலே இருந்திருக்கலாம். இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கடையில் சாப்பிட்டவரைக்கும் வியாதி, நிறுத்தியதும் சுகம். இதற்குமேல் அம்மாவுக்கு என்ன சாட்சி வேண்டும்? எனக்குமே அந்த நேரத்தில் பாதி சந்தேகம் வந்துவிட்டது. பாதிதான். ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அம்மாவைத் தடுக்க முடியவில்லை.

அந்தச் சாயங்காலம்

சாப்பாட்டுக் கடையில் குழம்பில் ஈ விழுந்தது என்றால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். மருந்து விழுந்தது என்று பெயர் வந்தால் அந்தப் பெஞ்சில் ஒருவர் உட்கார மாட்டார். அது அம்மாவுக்கும் தெரியும். பிலோமி அத்தைக்கும் தெரியும். அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, இந்தக் கையாலதான் எம்புள்ளைங்களுக்கும் போடுறேன். அதே சட்டி, அதே கரண்டி."

"அப்ப எம்மவனுக்கு மட்டும் சோத்துக்கு அடியில என்னா ஒளிச்சு வைக்கிறீங்க?"

சவரி துடைப்பக் கட்டையைக் கீழே இறக்கினான். தன் அக்கா ஸ்டெல்லாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"மீனு," என்றாள் ஸ்டெல்லா. மெல்லத்தான் சொன்னாள். "மீனுதான் வச்சேன்."

அவள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தது அத்தனை பேருக்கும் முன்னால் வெளியே வந்துவிட்டது. காது வரைக்கும் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தையும்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை.

கனமான எதையும் எனக்கு நேராகத் தூக்கத் தெரியாது. சிரிப்பில் வைத்து உருட்டிவிடத்தான் தெரியும். இதையும் உருட்டிவிட்டால், அம்மா சொன்னது பைத்தியக்காரப் பேச்சாகிப் போகும், ஆட்கள் சிரித்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பிப்பார்கள், கடை தப்பித்துவிடும். இப்படித்தான் என் மூளைக்குப் பட்டது. புதிதாகத் திரும்பி வந்த குரலில், நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"சரி அத்தை, நாளையிலேருந்து எனக்கு மட்டும் மருந்து கொறச்சலா போடுங்க."

லோரிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. ஒருவருக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா சொன்னதை மட்டும் என்றால் ஊர் ஒரு வாரத்தில் மறந்திருக்கும். கிழவி ஏதோ உளறிவிட்டுப் போனாள் என்றிருப்பார்கள். என் பேச்சை மறக்கவில்லை. அது நன்றாக இருந்தது. சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாளே ஒருவன், "ஆன்ட்டி, மீ கோரெங் ஒண்ணு, மருந்து கொறச்சல்" என்றானாம். அதற்கும் சிரிப்பு. பிறகு எல்லாரும் ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஸ்டெல்லா தட்டு எடுத்து வந்தால், "மச்சான், பாத்து சாப்புடு" என்று பின்னால் ஒரு குரல் வரும். கொஞ்ச நாளில் அவள் பரிமாற வருவதை நிறுத்திவிட்டாள். அவளைப் பெண் கேட்டு வருவதாக இருந்த ஒரு குடும்பமும் வரவில்லை.

என் பஸ்ஸிலேயே இரண்டு பையன்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அதில் வரும் ஆள் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

நான் கடைப் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது? சவரியும் என் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். ஒரு நாள் எங்கள் பஸ் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டும்போது பார்த்தேன், நீலக் கேன்வாஸ் இல்லை. நாலு கம்பு மட்டும் நின்றது. புக்கிட் பெருவாங்கில் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார்கள் என்று மாட் அண்ணன்தான் சொன்னார்.

மீசை வைத்த பாய்

குரல் வந்துவிட்ட தெம்பில் பத்தியத்தை எப்போதோ விட்டிருந்தேன். பிலோமி அத்தை கடை இல்லை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை இருந்தது. கடைசி டிரிப் முடிந்து ரொட்டி சானாய், மேலே குழம்பு, நுரைக்க ஆற்றிய தே தாரே டீ, சிகரெட், வீடு, பாய். பருக்கை திரும்பி வந்தது. பழைய இடம்தானே, விசாரிக்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா விடவில்லை. "அந்தக் கடையில யாருடா சமைக்கிறா?"

"மீசை வச்ச ஒரு பாய்ம்மா. நாலு புள்ளைக்குத் தகப்பன். அவரு என்னைய மயக்கி என்னா பண்ணப் போறாரு?"

அம்மா கஞ்சிக்கு அரிசி களைய எழுந்து போய்விட்டார். சொல்லி முடித்த பிறகுதான், அப்படியானால் ஸ்டெல்லா மட்டும் என்ன செய்திருப்பாள் என்று எனக்கே உறைத்தது.

குரல் இல்லாத கண்டக்டரை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? டிப்போவில் பஸ் கழுவப் போட்டார்கள். அங்கிருந்துதான் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தொண்டைக்கென்றே ஒரு டாக்டர், இளவயது மலாய்ப் பெண். மூக்கு வழியாக மெல்லிய கறுப்புக் குழாயை விட்டுப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர். பிறகு அவர் கேட்டது தொண்டையைப் பற்றியே இல்லை. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுக்கை?

"தெருஸ் தீடோர், டாக்டர்," என்றேன். சாப்பிட்ட கையோடு தூக்கம்தான் என்று.

அவர் ஒரு தாளில் வயிறு, அதன்மேல் ஒரு குழாய், மேலே தொண்டை வரைந்தார். படுத்ததும் வயிற்றுப் புளிப்பு அந்தக் குழாய் வழியாக மேலே ஏறி வருகிறது. சிலருக்கு நெஞ்சு எரியும், உடனே தெரிந்துவிடும். சிலருக்கு எரியாது, சத்தமே இல்லாமல் தொண்டைக்கு வந்து குரல் நரம்பைப் புண்ணாக்கிவிட்டு இறங்கிவிடும். அடைத்த மாதிரி இருக்கும், செருமல் வரும், சளி என்று நினைப்பார்கள்.

மாத்திரை எழுதினார். இருட்டுமுன் சாப்பிடச் சொன்னார். புளி, மிளகாய், கோப்பி, சிகரெட், புதினா குறைக்கச் சொன்னார். கட்டிலின் தலைமாட்டுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார்.

இதில் முக்கால்வாசியை மல்யுத்தம் பார்த்துக்கொண்டே ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். என்னைக் குணமாக்கியது அந்தப் பத்தியம். மாட்டிக்கொண்டது ஸ்டெல்லாவின் கை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கொல்லைப் பக்கம் போய், கால்வாயோரம் கிடந்த செங்கல்களைக் கழுவி எடுத்து வந்தார். அதுவரைக்கும் பாயில் படுத்தவனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பழைய கட்டிலும் கேட்டு வாங்கி வந்தார். குனிந்து செங்கலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவங்க சோத்துல ஒண்ணும் இல்லையாடா?"

"புளியும் மொளகாயும்தாம்மா."

கட்டில் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. அப்புறமும் குனிந்து, கழுவிய செங்கலையே மறுபடி முந்தானையால் துடைத்தார்.

புக்கிட் பெருவாங்

இது முழுசாகப் போகிற வியாதி இல்லை. ஒழுங்காக இருந்தால் ஒழுங்காக இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், மறுநாள் காலையில் வந்து குட் மார்னிங் சொல்லும். இப்போது நான் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்பீக்கருக்கு வேலை இல்லை.

சரியாக இருக்கிற நாட்களில்தான் எனக்குக் கஷ்டம். தொண்டை தெளிவாக இருக்கும். யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதும் தெளிவாக இருக்கும்.

போன மாதம்தான் துணிந்து போனேன். சவரி புக்கிட் பெருவாங்கில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு காருக்கு அடியில் பாதி உடம்பை வைத்திருந்தான். காலை வைத்தே அடையாளம் தெரிந்தது.

வெளியே வந்து பார்த்தான். ஸ்பீக்கர் என்று சொல்லவில்லை. "வா சுப்ரமணியம்," என்றான். அவன் வாயில் என் முழுப் பெயரைக் கேட்டது அதுதான் முதல் முறை.

"அத்தை எப்படிடா?"

"அம்மா இருக்காங்க. வீட்டுல தையல்."

"ஸ்டெல்லா?"

"ஜொகூர்ல, ஃபேக்டரி." கையைத் துணியில் துடைத்தான். "நல்லாத்தான் இருக்கா."

வழியெல்லாம் பஸ்ஸில் ஏழெட்டு ஜோக் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் வயிற்றைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, தொண்டை வரைக்கும் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். படுத்தால் எப்படி ஏறும், நெஞ்சு ஏன் எரியவில்லை, பத்தியத்தில் ஏன் சுகமானது, மாமாக் கடையில் ஏன் திரும்பி வந்தது, எல்லாம். அவன் நட்டை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டே கேட்டான்.

"அது மருந்து இல்லடா சவரி. டாக்டரு குழாய் வுட்டு கண்ணால பாத்துட்டாங்க. வெறும் புளிப்பு. ஒங்க வீட்டுச் சோத்துல ஒண்ணுமே இல்லடா. அதத்தான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கடைசி நட்டை முடுக்கி, ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"எங்களுக்கு அது அப்பவே தெரியும்லா, ஒனக்குத்தான் டாக்டரு சொல்ல வேண்டியிருந்துச்சு."